நான் வெட்டி எறிந்த நான்கு நிமிடம்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆராய்ச்சிக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் யாராவது, "அந்த அம்மாவுக்குப் பொறுமை ஜாஸ்தி, அதனால்தான் இத்தனை வருஷம் இந்த வேலையில் தாக்குப்பிடித்தார்" என்று சொல்லியிருப்பார்கள். பச்சைப் பொய். கஞ்சி ஆறும்வரை காத்திருக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அறிவுரை எழுத உட்கார்ந்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அந்தத் தப்பில் மாட்டிக்கொண்டது என் பிழைப்பு அல்ல, இன்னொரு பெண்ணின் எதிர்காலம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்து வருடங்களின் பின்பாதி. திருப்பூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஒருவர் என்னைப் பகுதி நேரமாகத் தன் வேலையில் சேர்த்துக்கொண்டார். அவர் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். 'சார்' என்றே வைத்துக்கொள்கிறேன். எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துப் பதிவு செய்ததெல்லாம் சிடியில் ஏறி, கூரியரில் எனக்கு வரும். அன்றைய இன்டர்நெட்டில் அதை இறக்க முயன்றால் பொங்கலுக்கு ஆரம்பித்தது தீபாவளிக்குத்தான் முடியும்.

கல்லூரிக் கம்ப்யூட்டர்கள் மாணவிகளுக்கே போதவில்லை. அதனால் வீரபாண்டியில் என் தம்பியின் நிட்டிங் கம்பெனி மாடியில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டேன். கீழே வட்ட மெஷின்கள் பனியன் துணியைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கும். மேலே மேசை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். வெளியூர் ஆட்கள் வந்தால் பத்து நிமிடத்தில் தலைவலி என்பார்கள். எனக்கு அந்த அதிர்வு இல்லாவிட்டால்தான் வேலை ஓடாது.

நாங்கள் பார்த்த நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதை வேறு யாராவது படிக்கலாம். அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வெள்ளைக் குள்ளன். எரிந்து முடிந்த நட்சத்திரம், பூமி அளவுதான் இருக்கும், ஆனால் ஏறக்குறைய சூரியனின் எடை. அதோடு பயங்கரமான காந்தம். மற்றது சாதாரணச் சின்ன நட்சத்திரம். இரண்டும் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி முடித்துவிடும். சின்னதிலிருந்து வாயு பிடுங்கப்பட்டுக் குள்ளனை நோக்கி ஓடும். காந்தம் அதைக் கண்டபடி விழவிடாது. தன் துருவத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் அங்கே கொட்டும். விழுகிற வேகத்தில் வாயு பல கோடி டிகிரிக்குச் சூடாகி எக்ஸ் கதிர் வீசும். குள்ளன் சுற்றுவதால் அந்தத் துருவம் நம் பக்கம் வரும், போகும். வெளிச்சமும் ஏறும், இறங்கும்.

என் வேலை, பதிவைச் சுத்தம் செய்வது. செயற்கைக்கோள் பூமியைத் தொண்ணூற்றாறு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் பூமி குறுக்கே நின்று மறைத்துவிடும். சில இடங்களில் வேறு துகள்கள் வந்து மோதி, கருவி பொய்க்கணக்குக் காட்டும். அந்த நேரங்களையெல்லாம் வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுக்க வேண்டும். அந்த மிச்சத்துக்கு எங்கள் தொழிலில் 'நல்ல நேரம்' என்று பெயர். தம்பி இதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்கக்கா, ராகு காலத்த எல்லாம் தள்ளீருவீங்களா" என்று நக்கல் பண்ணுவான்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. காரணம் இருந்தது. கல்லூரிக்குப் போவதற்கு முன்பிருந்தே அப்பாவின் கம்பெனியில் துணி செக்கிங் செய்தவள் நான். கண்ணாடிப் பலகைக்கு அடியில் டியூப்லைட் எரியும், மேலே துணி ஓடும். ஓட்டை, கோடு, எண்ணெய்க்கறை எது கண்ணில் பட்டாலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கட்டிங்கில் அந்த இடத்தைத் தள்ளிவிடுவார்கள். சந்தேகமாக இருக்கிறதே என்று நின்று யோசிக்கக் கூடாது. துணி ஓடிக்கொண்டிருக்கிறது, யோசித்தால் அடுத்த ஓட்டை தப்பிவிடும். அப்பா ஒரே ஒரு விதிதான் சொல்வார்: "கண்ண உறுத்துச்சா, வெட்டு. நல்ல துணி கொஞ்சம் போனாப் போகுது, கெட்ட துணி ஒரு ஜாணு போகக் கூடாது."

துணிக்கு இது சத்தியமான விதி. ஒரு லாட் சரக்கு முழுக்கத் திரும்பி வந்து ஒரு குடும்பம் நொடித்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். துணி ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. நட்சத்திரத்துக்கு அப்படி ஒரு வேலை கிடையாது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஸ்டெல்லாவைச் சொல்ல வேண்டும். எங்கள் திட்டத்தில் ஒரு வருட உதவியாளராகச் சேர்ந்தவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர், அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறவர். எம்.எஸ்சி. முடித்திருந்தாள். சாரின் நிலையத்தில் முழுநேர ஆராய்ச்சி மாணவியாகச் சேர நேர்முகத் தேர்வு ஒரு திங்கட்கிழமை வைத்திருந்தார்கள். அங்கே தான் செய்த ஒரு வேலையைக் காட்டிப் பேச வேண்டும். அவள் பேசப்போவது இந்த நட்சத்திரத்தைப் பற்றி. அதே திங்கட்கிழமைக்குள் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கும் அவள் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை, நல்ல சம்பளம், அப்பாவுக்கு அதில்தான் ஆசை. பெங்களூரில் இடம் கிடைக்காவிட்டால் அவள் வாழ்க்கையில் நட்சத்திரம் அன்றோடு முடிந்தது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளுக்குக் கொடுத்த பதிவு பன்னிரண்டு மணி நேரம் நீளம். நட்சத்திரத்தின் ஏழு சுற்று. அதை நான் ஒரே பிற்பகலில் சுத்தம் செய்தேன். திரையில் வெளிச்சத்தின் கோடு ஏறி வருகிறது, உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று ஒரு பள்ளம். நாலு நிமிடம் கீழே போய் மறுபடி மேலே வருகிறது. முதல் பள்ளம் பூமி மறைத்து விலகிய இடத்தை ஒட்டி இருந்தது. ஓரத்துக் கோளாறு என்று வெட்டினேன். அதற்காவது ஒரு காரணம் சொல்லலாம். அடுத்த சுற்றில் இன்னொன்று, அதற்கு அடுத்ததில் இன்னொன்று. மொத்தம் ஐந்து. அவற்றில் நாலுக்கு எந்தக் காரணமும் கிடையாது. அசிங்கமாக இருந்தன. கண்ணை உறுத்தியது, கை வெட்டிவிட்டது. குறிப்புக்கூட எழுதவில்லை. செக்கிங்கில் ஓட்டைக்கு யார் குறிப்பு எழுதுகிறார்கள்?

ஸ்டெல்லா அதை வைத்து அழகான படம் போட்டாள். ஏழு சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, வழவழவென்று ஏறி இறங்கும் ஒரே கோடு. அதற்கு அவள் எழுதிய விளக்கமும் பிசிறில்லாமல் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு விட்டுப்போயிருந்தது. உச்சத்துக்கு முன்னால் ஒரு மெல்லிய வெற்றிடம்.

"மேடம், இங்க மட்டும் ஏன் ஒரு புள்ளிகூட இல்ல?" என்று கேட்டாள்.

"பூமி மறைச்ச நேரம் கண்ணு. அது அப்பிடித்தான் இருக்கும்."

ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டாள். நான் கல்லூரித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "ஏங் கண்ணு, ஒரு தடவ சொன்னா ஆகாதா?" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூத்தவர் ஒருவர் எரிந்து விழுந்தால் இளையவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதை நாங்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வோம். எனக்கு இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தேர்வுக்கு நாலு நாள் முன்பு, வியாழக்கிழமை மதியம், அவள் ஒரு கிராஃப் தாளோடு மாடிக்கு வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே தாளை என் முன்னால் வைத்தாள்.

"மேடம், கோவப்படாதீங்க. செயற்கைக்கோளு சுத்துறது தொண்ணூத்தாறு நிமிஷம். நட்சத்திரம் நூத்தஞ்சு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போவுதுல்லா? பூமி மறைக்கிறது ஏறக்குறைய முப்பத்தாறு நிமிஷம். அப்பம் ஒரே எடத்தத் தொடர்ந்து நாலு சுத்துக்கு மேல மறைக்க முடியாது. ஏழு சுத்துலயும் அதே நாலு நிமிஷம் எப்படி மறையும்?"

நான் தாளைப் பார்த்தேன். பென்சிலால் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். பூமி மறைக்கும் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி நகர்ந்துகொண்டே போயின. வெற்றிடம் மட்டும் செங்குத்தாக ஒரே நேர்கோட்டில் நின்றது.

"செயற்கைக்கோளுக்கு நட்சத்திரத்தோட நேரம் எப்படி மேடம் தெரியும்?" என்றாள்.

அந்த வெற்றிடம் நட்சத்திரத்தின் கடிகாரப்படி வருகிறது. அப்படியென்றால் அது நட்சத்திரத்துக்குச் சொந்தமானது. பூமிக்கும் கருவிக்கும் அதில் சம்பந்தம் இல்லை. நடுவில் புகுந்து வெட்டியது என் கை. அந்த ஐந்து பள்ளங்களும் அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தன. அவளிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை, அதை மட்டும் என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்து நான் சொன்னதுதான் பெரிய தப்பு. வெட்டியது கைப்பழக்கம், இது தெரிந்தே சொன்னது. "கண்ணு, திங்கக்கிழமைக்கு இதயே கொண்டு போ. படம் நல்லாத்தான் இருக்குது. அந்த எடத்த யாரும் நோண்ட மாட்டாங்க. சீட்டு கெடைக்கட்டும், பொறவு நாம சாவகாசமா சரி பண்ணிக்கலாம்."

திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஷிப்மென்ட் தேதிக்குப் பெட்டி கப்பல் ஏறியாக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். நாலு நாளில் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கோர்க்கப் போய், கடைசியில் கையில் ஒன்றுமே இல்லாமல் அவள் அங்கே போய் நின்றால்? அந்தப் பயம் நிஜமானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன் என்பதும் நிஜம்.

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே மாடிப்படியில் நின்றிருந்தாள்.

"என்னால முடியாது மேடம். அங்க ஒருத்தர் அந்த எடத்தக் காட்டி ஏன்னு கேட்டா, பூமி மறைச்சிச்சுன்னு நான் சொல்லணும். இல்லன்னு எனக்குத் தெரியும். வாயில வராது."

"நாலு நாள்தான் இருக்குது."

"மூணு மேடம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரயிலு."

கல்லூரிக்குப் போன் செய்து லீவு சொன்னேன். மேசை டிராயரிலிருந்து மூல சிடியை எடுத்தோம். நல்லவேளை, அதில் என் கை படவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அந்த மூன்று நாளில் நான் ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியம். கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் முக்கால் மணி நேரம் ஓடும். ஓடும்வரை நான் படி இறங்குவேன், மெஷின்களுக்கு நடுவே நடப்பேன், படி ஏறுவேன். கரண்ட் வேறு சொல்லிவைத்தாற்போலப் போகும். ஜெனரேட்டர் கீழே மெஷின்களுக்கே திணறிக்கொண்டிருந்தது.

"அக்கா, மெஷினுக்கே கரண்ட் பத்தறதில்லீங்க. உங்க நட்சத்திரத்துக்கு வேற குடுக்கோணுமா?" என்றான் தம்பி.

"ஒரே ஒரு கம்ப்யூட்டர் சாமி. அந்தப் புள்ள திங்கக்கிழம போகோணும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனான். பிறகு ஒரு மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மாடிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தான். என் வாழ்க்கையில் நான் அவனுக்கு நன்றி சொன்ன சில தடவைகளில் அது ஒன்று.

சனிக்கிழமை முற்பகல் பள்ளங்கள் திரும்பி வந்தன. ஐந்தும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சு அசலாக உட்கார்ந்தன. மீதி இரண்டு சுற்றில் அந்த நேரத்தைப் பூமி நிஜமாகவே மறைத்திருந்தது. எனக்கு உடனே சந்தோஷம் வந்துவிட்டது. "முடிஞ்சுது, படத்த மாத்து" என்றேன். ஸ்டெல்லா கையை ஆட்டி என்னை நிறுத்தினாள்.

"இருங்க மேடம். கருவிதான் தடுமாறியிருந்தா? ஒரே எடத்துல வருதுங்கிறது மட்டும் போதுமா?"

பதிவை இரண்டாகப் பிரித்தாள். ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர் ஒரு பக்கம், ஆற்றல் கூடியது இன்னொரு பக்கம். கருவி தடுமாறியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி விழும். நடுவில் ஏதாவது பொருள் வந்து மறைத்திருந்தால், ஆற்றல் குறைந்தது அடைபட்டுப்போகும், கூடியது ஓரளவு ஊடுருவி வந்துவிடும். மறுபடி முக்கால் மணி நேரம். நான் நாலு முறை படி ஏறி இறங்கினேன். திரும்பி வந்தபோது அவள் திரையைக் காட்டினாள். ஒரு கோடு கிட்டத்தட்ட பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. இன்னொன்று பாதிவரைதான் இறங்கியிருந்தது.

நடுவில் பொருள் இருக்கிறது. துருவத்தில் போய் விழுகிற அந்த வாயு ஓடைதான், ஒவ்வொரு சுற்றிலும் நமக்கும் துருவத்துக்கும் குறுக்கே நாலு நிமிடம் கடந்து போகிறது. விழுந்த பிறகு வருகிற வெளிச்சத்தைத்தான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தோம். இது விழுகிற பொருளின் நிழல். அந்தப் பதிவு முழுவதிலும் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது, அதை நான் ஓட்டை என்று வெட்டியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஸ்டெல்லாவின் அம்மா நேராகக் கம்பெனிக்கு வந்தார். கையில் பைபிள், இன்னொரு கையில் மகளுக்குச் சாப்பாட்டுத் தூக்கு. அதற்கு முன் அவரை நான் ஒருமுறைதான் பார்த்திருந்தேன். ஸ்டெல்லா புதுப் படங்களை அச்செடுக்க வெளியே போயிருந்தாள்.

"டீச்சர், எங்கிட்ட நேரா சொல்லுங்க. கெடைக்குமா, கெடைக்காதா?" என்றார். "அவ அப்பா நாளைக்கு அந்தக் கம்பெனியில சரின்னு சொல்லிருவாரு. கெடைக்கும்னு நீங்க சொன்னா நான் அவர்ட்டப் பேசுதேன். மூணு நாளா பிள்ள சோறுகூட ஒழுங்காத் திங்கல. ஏன்னு கேட்டா, வேல மொதல்லேருந்து பண்ண வேண்டியிருக்குன்னு சொல்லுதா. இவ்வளவு நாளு என்னதான் பண்ணுனிய?"

"தப்பு என்னோடதுங்க," என்றேன். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நல்லா இருந்த துணியை ஓட்டை என்று வெட்டிவிட்டேன் என்று சொன்னதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"ஒங்க தப்புக்கு எம்புள்ள ஏன் போய் அங்க நின்னு பதில் சொல்லணும்?"

சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். தூக்கை மேசையில் வைத்துவிட்டு, "அவ வந்தா சாப்பிடச் சொல்லுங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

மூன்று நாளாக நான் சாருக்குப் போன் செய்யவில்லை. வேலை இருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா படி இறங்கிய சத்தம் அடங்குவதற்குள் ரிசீவரை எடுத்தேன்.

சார் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"இதுவரைக்கும் எத்தனை பதிவு சுத்தம் பண்ணியிருப்பீங்க?" என்றார்.

"பதினொண்ணுங்க சார்."

இப்போது எனக்கு அந்தக் கேள்வியின் முழு எடையும் இறங்கியது. நாலு வருட வேலை. ஒவ்வொன்றையும் அதே கண்ணோடு, அதே கையோடு.

"அதை அப்புறம் பார்க்கலாம்," என்றார். "முதல்ல அந்தப் பொண்ணு. தேர்வுக் குழுவுல நான் இருக்க முடியாது, என் திட்டத்துல வேலை செஞ்சவ. நீங்க ஒரு கடிதம் எழுதுங்க. வெட்டினது நீங்க, கண்டுபிடிச்சது அவதான்னு தெளிவா எழுதி, கையெழுத்துப் போட்டு அவகிட்டக் குடுத்து அனுப்புங்க. எப்பக் காட்டணும்னு அவளே முடிவு பண்ணட்டும்."

எழுதினேன். நாலு வரிக் கடிதம்தான், மூன்று தாள் ஆனது. முதல் இரண்டிலும் 'தவிர்க்க இயலாத சூழலில்' என்று வந்துவிட்டது. எந்தச் சூழலும் இல்லை. மூன்றாவதில் உள்ளதை எழுதி உறையில் போட்டேன். ஸ்டெல்லா அதைப் படித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஸ்டேஷனில் அவள் அப்பாவும் நின்றிருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் மட்டும் சொன்னார். "தைரியமாப் போயிட்டு வா கண்ணு" என்று அவளிடம் சொன்னேன். என் குரலில்தான் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்கு இரண்டும் நிற்காமல் ஓடின. வகுப்பில் ஒரே கணக்கைக் கரும்பலகையில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன், மாணவிகள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. மதியம் பஸ் ஏறி மங்கலம்வரை போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். செல்போனில் அவளைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மாடிக்கு வந்தாள். "கெடைச்சிருச்சு மேடம், நேத்தே சொல்லிட்டாங்க. கம்பெனிக்கு வேண்டாம்னுட்டேன்," என்றாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டாராம், விண்ணப்பத்தோடு முதலில் அனுப்பிய சுருக்கத்தில் வழவழப்பான கோடுதானே இருந்தது, இந்தப் பள்ளத்தை வெட்டியது யார் என்று. அவள் சொன்னாளாம்: "எங்க குழுவுல வெட்டிட்டோம் சார். நான் ரெண்டு தடவ கேட்டேன், பதில் சரியாப் படல. மூணாவது தடவ கேக்காம நானே போட்டுப் பாத்தேன்." அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். மீதி நேரமெல்லாம் அந்த நிழலைப் பற்றித்தான் பேச்சு.

என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். உறை பிரிக்கப்படவில்லை. "இது தேவைப்படல மேடம்," என்றாள். பிறகு ஒரு நிமிடம் நின்றாள். ஏதோ சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறாள், தெரிந்தது.

"சொல்லு."

"அங்க போன பொறவும் இந்த நட்சத்திரங்களத்தான் பாக்கப் போறேன். நீங்க சுத்தம் பண்ணுன ஃபைல் எனக்கு வேண்டாம் மேடம். மூல சிடி பதினொண்ணையும் குடுத்துருங்க."

மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. எனக்கு ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. அந்த அறை எனக்குச் சேர வேண்டியதுதான் என்பதும் தெரிந்தது. இனி அவள் என் வேலையை நம்ப மாட்டாள். நம்பாமல் இருப்பதுதான் அவள் வேலை. டிராயரைத் திறந்து பதினொன்றையும் எடுத்து, தம்பி சாம்பிள் அனுப்பும் அட்டைப் பெட்டி ஒன்றில் அடுக்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "மேடம், ஆறாவது சிடியில, மூணாவது சுத்துல ரெண்டு நிமிஷம் போயிருக்கு. ஏன் வெட்டுனியன்னு ஞாபகம் இருக்கா?"

என் நோட்டைப் புரட்டினேன். அந்த நாளுக்கு நேராக 'முடிந்தது' என்று மட்டும் எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தேன். அந்த நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

"இல்ல கண்ணு," என்றேன்.

"சரி மேடம்," என்றாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது. காரணம் தெரியாது என்று எழுதிக்கொள்கிறாள். "அடுத்தது ஏழாவது சிடி. இதுல நாலு எடம்."

அன்றைக்கும் அடுத்த வாரமும் அவள் கேட்டுக்கொண்டே போனாள். பதினொரு சிடியிலும் சேர்த்து, பூமி மறைத்தது போக, நாற்பத்துமூன்று வெட்டு. அவற்றில் காரணம் சொல்ல முடிந்தது ஒன்பதுக்கு. மீதி முப்பத்துநாலுக்கும் நான் அவளுக்குச் சொன்னது ஒரே பதில்தான்.